நாற்பது குஞ்சும் ஒரு காற்றோட்டமும்

நெட்டைக்கல்புதூரில் யாரும் யாரையும் முட்டாள் என்று திட்டுவது கிடையாது. திட்டுகிறவன் கொஞ்சமாவது வேறு மாதிரி இருக்க வேண்டுமல்லவா? அந்த ஊரில் அப்படிப்பட்ட ஆள் ஒருத்திதான். பெயர் பாவாயி. வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவளும் திட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் கோபத்தில் புருஷனைப் பார்த்து, "போய் ஏதாச்சும் கெணத்துல விழுங்க" என்று சொல்லிவிட்டாள். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, "நம்ம கெணத்துலயா பாவாயி, பங்காளி கெணத்துலயா?" என்று கேட்டான். அன்றோடு அவள் வாயைக் கட்டிவிட்டாள்.

அந்தப் புருஷன்தான் ராக்கியப்பன். தங்கமான மனுஷன். சொன்னதைச் சொன்னபடி செய்வான் என்று ஊரே அவனைப் பாராட்டும். அதில் தப்பு என்ன இருக்கிறது என்று அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பாவாயி மகளிர் குழு மூலமாக நாற்பது நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி வளர்த்துவந்தாள். பத்து நாள் குஞ்சுகள். ஓலைக் கொட்டாய்க்குள் வட்டமாகத் தகரத் தடுப்பு வைத்து, தரையில் உமி பரப்பி, முழங்கால் உயரத்தில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டிருந்தாள். ராக்கியப்பனுக்கு அந்தக் குஞ்சுகள் என்றால் உயிர். தினமும் காலையில் போய் ஒவ்வொன்றிடமும் "எந்திரிச்சாச்சா?" என்று விசாரிப்பான். நாற்பதையும் விசாரித்து முடிக்க ஒன்பது மணி ஆகிவிடும்.

கத்தரி வெயில் ஆரம்பித்த மூன்றாம் நாள், விடிந்ததும் பாவாயிக்குப் போன் வந்தது. தங்கைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாம். உடனே கிளம்ப வேண்டும். குஞ்சுகளை யாரிடம் விடுவது? ஊரில் இருந்ததெல்லாம் ராக்கியப்பனும் ராக்கியப்பனைப் போன்றவர்களும்தான். நல்லவேளையாகக் குஞ்சுகளைப் பார்க்கக் கால்நடை டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். போன வாரம்தான் மாற்றலாகி வந்தவர். இந்த ஊரைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"டாக்டரம்மா, நீங்களே ஒரு வார்த்தை இவுங்களுக்குச் சொல்லீட்டுப் போயிருங்க. நான் சொன்னா இவுங்களுக்கு ஏறாதுங்க" என்றாள் பாவாயி.

ராக்கியப்பன் கைகட்டி நின்றான். ஒத்தாசைக்குப் பங்காளி அத்தப்பனும் பக்கத்துக் காட்டுக் குப்பண்ணனும் வந்து நின்றார்கள். அத்தப்பன் காதில் விழுந்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பவன். குப்பண்ணன் வயதில் இளையவன். யோசிக்கும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிட்டு மற்ற வேலைகளைச் செய்பவன். ஆகவே மூன்று பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் என்று ஊரில் பேச்சு.

டாக்டரம்மா கடகடவென்று சொன்னார்: "இந்த வெயில்ல குஞ்சுக்குச் சூடுதான் எதிரி. வெயில் ஏறினதும் பல்பை அணைச்சிடுங்க. அடிக்கடி தண்ணி காட்டுங்க. இதோ இந்த வெப்பமானியை உள்ளே மாட்டி வைங்க, முப்பத்திரண்டுக்கு மேல ஏற விடாதீங்க. எல்லாத்தையும் விட முக்கியம் காத்தோட்டம். சந்தேகம் வந்தா குஞ்சைக் கவனிங்க, அதுவே சொல்லும். எப்படின்னா..."

அதற்குள் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. "ஐயோ, பஸ்ஸு!" என்று பாவாயி பதறினாள். டாக்டரம்மா அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தார். போகிற போக்கில் பாவாயி திரும்பிக் கத்தினாள்: "நாப்பது குஞ்சும் நாப்பதா இருக்கோணும்! ஒண்ணு குறைஞ்சாலும் நான் இந்த ஊட்டுப் படி ஏற மாட்டேன்!"

ராக்கியப்பன் தன் வீட்டுப் படியைப் பார்த்தான். மூன்று படிகள். பாவாயி ஏறாத வீட்டில் அவன் எப்படி இருப்பான்? யார் அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள்?

"அத்தப்பா, டாக்டரம்மா முதல்ல என்ன சொன்னாங்க?"

"வெயில் ஏறினதும் பல்பை அணைச்சிடுங்க" என்று அத்தப்பன் ஒப்பித்தான்.

மூவரும் வெளியே நின்று வெயில் ஏறுவதைக் கவனித்தார்கள். வெயில் சுவரில் ஏறியது. பிறகு கூரையில் ஏறியது. "ஏறீருச்சுங்ணா!" என்று குப்பண்ணன் கூவியதும் கொட்டாய்க்குள் ஓடினார்கள்.

பல்பைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"ஏனுங்ணா," குப்பண்ணன் தயங்கினான், "அணைக்கறதுன்னா குழந்தையை அணைக்கற மாதிரிங்களா, சம்பந்தியை அணைக்கற மாதிரிங்களா?"

ராக்கியப்பன் யோசித்தான். "பல்பு சின்னதாத்தானே இருக்குது. குழந்தை மாதிரியே அணை."

குப்பண்ணன் மண்டியிட்டு, இரண்டு கையையும் விரித்து, சட்டையில்லாத நெஞ்சோடு பல்பை வாரி அணைத்தான். மறுவிநாடி அவன் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, தான் இதுவரை யாரையும் சொல்லியிராத வார்த்தைகளைப் பல்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஒருவேளை அதுக்கு உன்னைப் பழக்கமில்லையோ என்னமோ" என்றான் அத்தப்பன். "ஊட்டுக்காரன் அணைச்சா அடங்கும்."

ராக்கியப்பன் பாவாயியை நினைத்துக்கொண்டான். துண்டைத் தண்ணீரில் நனைத்து நெஞ்சில் சுற்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, "என் கண்ணு, வா" என்று சொல்லிப் பல்பைக் கட்டிக்கொண்டான். ஈரம் பட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம். பல்பு சில்லுச் சில்லாகத் துண்டுக்குள்ளேயே உதிர்ந்தது. கொட்டாய் இருண்டது.

"அணைச்சதும் அணைஞ்சிருச்சுங்ணா!" என்று குப்பண்ணன் வாய் பிளந்தான்.

"டாக்டருக்குச் சும்மாவா படிக்கறாங்க?" என்றான் ராக்கியப்பன், துண்டை உதறிக்கொண்டே.

அடுத்தது தண்ணீர். அத்தப்பன் ஒப்பித்தான்: "அடிக்கடி தண்ணி காட்டுங்க."

ராக்கியப்பன் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தான். தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டு சொம்பைச் சாய்த்துக் கிழக்கே காட்டினான். மேற்கே காட்டினான். தெற்கும் வடக்கும் காட்டினான். "எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. இதுதான் தண்ணி."

குஞ்சுகள் கீச்சிட்டன.

"பின்னாடி இருக்கறதுக்குத் தெரியலையாம்" என்றான் அத்தப்பன்.

சொம்பை உயர்த்திக் காட்டினார்கள். அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறிக் காட்டினார்கள். குஞ்சுகள் இன்னும் அதிகமாகக் கீச்சிட்டன. ராக்கியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "எல்லாம் சின்னஞ்சிறுசுக. எட்டலை போல. ஒவ்வொண்ணாத் தூக்கிக் காட்டீருவோம்."

குப்பண்ணன் ஒவ்வொரு குஞ்சாக எடுத்துக் கொடுக்க, ராக்கியப்பன் அதைச் சொம்பின் விளிம்பில் உட்கார வைத்தான். முதல் குஞ்சு எட்டிப் பார்த்தது. பிறகு அலகை உள்ளே விட்டு மொடுக் மொடுக்கென்று குடித்தது.

குப்பண்ணன் பதறிவிட்டான். "ஏனுங்ணா, காட்டத்தானுங்க சொன்னாங்க? இது குடிக்குதுங்ணா!"

ராக்கியப்பன் அக்கம்பக்கம் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "விடு குப்பா. பச்சைப்புள்ள. தெரியாமக் குடிக்குது. டாக்டரம்மாகிட்ட நாம சொல்ல வேண்டாம்."

நாற்பது குஞ்சும் அன்றைக்குத் தெரியாமல் குடித்தன. மூவரும் அதை மனசுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்வதாகச் சத்தியம் செய்தார்கள்.

உச்சிவெயில் வந்தது. கொட்டாய் அடுப்பு மாதிரி ஆனது. வெப்பமானியை மாட்டி வைத்துவிட்டு மூவரும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். அதற்குள் இருந்த பாதரசக் கோடு முப்பதிலிருந்து முப்பத்தொன்றுக்கு ஏறியது. முப்பத்திரண்டை நெருங்கியது.

"ஏற விடாதீங்கன்னாங்க" என்று அத்தப்பன் ஞாபகப்படுத்தினான்.

"ஏய், நில்லு" என்றான் ராக்கியப்பன் கோட்டைப் பார்த்து.

அது நிற்கவில்லை. குப்பண்ணன் ஒரு நூலை எடுத்து முப்பத்திரண்டுக்கு நேராக மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். கோடு நூலுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. கட்டை விரலால் அழுத்திப் பிடித்தான். விரலுக்கும் அந்தப் பக்கம் வந்தது. முப்பத்தாறு. முப்பத்தேழு.

"திருட்டுப் பய சாமான்" என்று குப்பண்ணன் மூச்சு வாங்கினான். "கண்ணு முன்னாலேயே ஏறுதுங்ணா."

ராக்கியப்பனுக்கு வியர்வை ஆறாக ஓடியது. முப்பத்தெட்டு. பாவாயி தங்கச்சி வீட்டிலேயே தங்கிவிட்டால்? அவன் வெப்பமானியைப் பிடுங்கி, பக்கத்தில் இருந்த பானைத் தண்ணீருக்குள் முக்கினான். கோடு சரசரவென்று இறங்கி இருபத்தெட்டில் வந்து நின்றது.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெல்லச் சிரித்தார்கள். குப்பண்ணன் ஒரு குத்துப் பொரிகடலை எடுத்துவந்தான். அக்கினி வெயிலையே பானைக்குள் அமுக்கிவிட்ட சந்தோஷத்தில், உடம்பு வியர்வையில் தொப்பலாக நனைய, ஆளுக்குக் கொஞ்சம் கொறித்தார்கள்.

"இப்ப குஞ்சுகளுக்கு நல்லா ஜில்லுன்னு இருக்கும்" என்றான் அத்தப்பன், நெற்றியை வழித்துவிட்டுக்கொண்டே.

ராக்கியப்பன் தடுப்புக்குள் எட்டிப் பார்த்தான். குஞ்சுகள் ஓரமாகப் போய் ஒதுங்கி, இறக்கையை விரித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

அவன் சட்டென்று திரும்பினான். "அத்தப்பா! டாக்டரம்மா கடைசியா என்னமோ சொன்னாங்களே?"

"சந்தேகம் வந்தா குஞ்சைக் கவனிங்க, அதுவே சொல்லும். எப்படின்னா."

"சொல்லுதப்பா! வாயைத் தொறந்து தொறந்து சொல்லுது பாரு! நமக்குத்தான் கேக்கலை."

மூவரும் உமியில் குப்புறப் படுத்துக் காதைக் குஞ்சுகளின் அலகுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

"என்ன சொல்லுதுங்ணா?"

"ஹா... ஹா... ன்னு சொல்லுது."

"சிரிக்குதுங்களா?"

"சிரிக்கற மூஞ்சியா இது?" ராக்கியப்பன் இன்னும் கூர்ந்து கேட்டான். "ஹா இல்லப்பா... கா. 'கா'ன்னு சொல்லுது. அதுக்கு மேல சொல்ல வரலை. பத்து நாள் குஞ்சுதானே, ஒரு எழுத்துத்தான் வந்திருக்குது."

"கா..." என்றான் குப்பண்ணன். "கா... காப்பி வேணும்னு கேக்குதுங்களா?"

"காக்கா வருதுன்னு சொல்லுதோ?" என்று அத்தப்பன் கூரையைப் பார்த்தான்.

ராக்கியப்பன் எழுந்து உட்கார்ந்தான். முகம் பளிச்சென்று ஆயிற்று. "காத்தோட்டம்! எல்லாத்தையும் விட முக்கியம் காத்தோட்டம்னு டாக்டரம்மா சொன்னாங்களா இல்லையா? நாம காலையில இருந்து ஒரு அடியாவது ஓடினமா?"

அத்தப்பன் தலையில் அடித்துக்கொண்டான். பொரிகடலை தின்ற வாயை மூவரும் துடைத்துக்கொண்டார்கள். குற்ற உணர்ச்சி தாங்கவில்லை.

"ஆனா யாரு ஓடறதுங்க? நாமளா, குஞ்சா?"

"குஞ்சுக்குக் காலு எத்தாப் பெருசு இருக்குது? நாமதான் தூக்கீட்டு ஓடோணும். ஓட ஓடக் காத்து வரும். காத்தும் ஓட்டமும் சேந்தாக் காத்தோட்டம்."

குப்பண்ணன் கூடை எடுக்க ஓடினான். வீட்டில் நல்ல கூடைகள் மூன்று இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு, அடி பிய்ந்து எருக்குழி ஓரம் கிடந்த மூன்று கூடைகளைத் தேடி எடுத்து வந்தான்.

"ஏண்டா, ஓட்டைக் கூடையா எடுத்தாந்தே?" என்றான் அத்தப்பன்.

"ஓட்டை இல்லாட்டி உள்ளே காத்து எப்படீங்க போகும்?"

ராக்கியப்பன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். இந்தப் பயலுக்குள் இவ்வளவு விஷயம் இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

ஆளுக்குப் பதின்மூன்று குஞ்சு என்று கூடையில் போட்டார்கள். ஒன்று மிச்சம் இருந்தது. அதை எந்தக் கூடையில் போட்டாலும் மற்ற இருவர் மனசு நோகுமே என்று ராக்கியப்பன் தன் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். அது பைக்குள் சுருண்டு படுத்து அவன் நெஞ்சில் அலகை வைத்தது. அவனுக்குக் கண் கலங்கியது.

ஓட்டம் ஆரம்பித்தது. வீட்டிலிருந்து கிணற்று மேடு, அங்கிருந்து வாய்க்கால் ஓரத்துப் புங்கமரம், மரத்தைச் சுற்றி மறுபடியும் வீடு. புங்கமரத்தின் கிளைகள் தாழ்ந்து கிடந்ததால் அந்த இடத்தில் மட்டும் குனிந்து, கூடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. மரத்தடியில் உதிர்ந்த பூவும் சருகும் மெத்தை மாதிரிக் கிடந்தன. காலை எடுத்து வைத்தால் புதைந்தது.

உச்சிவெயிலில் இடுப்பில் கூடையோடு மூன்று பேர் ஓடுவதை ஊரே வேலியோரம் நின்று பார்த்தது.

"என்னப்பா, எங்கே ஓடறீங்க?"

"காத்தோட்டமுங்க!" என்றான் ராக்கியப்பன் இரைக்க இரைக்க.

"ஓ, காத்தோட்டமா! செரி, செரி, நடக்கட்டும்" என்று ஊர் தலையாட்டியது. நெட்டைக்கல்புதூரில் அந்தப் பதில் எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. ஒருவர் மட்டும் தன் வீட்டுக் கன்றுக்குட்டியையும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா என்று கேட்டார்.

முதல் சுற்றில் கூடையிலிருந்து கீச்சுச் சத்தம் பலமாகக் கேட்டது. இரண்டாம் சுற்றில் பாதியாகக் குறைந்தது. "குளுந்திருச்சு, தூங்குதுக" என்றான் ராக்கியப்பன். மூன்றாம் சுற்றில் சத்தமே இல்லை. கூடைகூடப் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. "சூடெல்லாம் எறங்கினா கனம் குறையத்தான் செய்யும்" என்று அத்தப்பன் விளக்கினான். சந்தோஷத்தில் இன்னும் நாலு சுற்று ஓடினார்கள்.

வாசலுக்கு வந்து கூடையை இறக்கிப் பார்த்தார்கள். மூன்று கூடையிலும் ஒன்றுமில்லை.

ராக்கியப்பன் கூடைக்குள் தலையை விட்டுப் பார்த்தான். அடி ஓட்டை வழியாகத் தன் கால் விரல்கள் தெரிந்தன. அப்படியே மூன்றாம் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்கேப்பா போச்சு முப்பத்தொன்பது?"

அத்தப்பன்தான் மெதுவாகச் சொன்னான். "ராக்கியப்பா, மனசைத் தேத்திக்கோ. வாசல்ல ஒரு குண்டாத் தண்ணியை வெயில்ல வெச்சா என்ன ஆகும்?"

"வத்திப்போகும்."

"எங்கே போகும்?"

"ஆவியாகி மேல போகும்."

"காலையில இதுக எல்லாம் என்ன பண்ணுச்சுக? தண்ணி குடிச்சுதுக. குடிச்சுட்டு வெயில்ல வந்துதுக." அத்தப்பன் வானத்தைக் காட்டினான். "போயிருச்சுக."

குப்பண்ணன் விம்மினான். "நான் அப்பவே சொன்னனுங்ளே, குடிக்க உடாதீங்கன்னு!"

அந்த நேரத்தில் ராக்கியப்பனின் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவன் அதை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டான். "இதும்தானே குடிச்சுது? இது ஏன் போகலை?"

"நீ பைக்குள்ளே மூடி வெச்சிருந்தே. மூடி வெச்ச தண்ணி ஆவியாகுமா?"

மறுத்துப் பேச இடமே இல்லை. ராக்கியப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். பாவாயி இனி இந்தப் படி ஏற மாட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

"ஏனுங்ணா," குப்பண்ணன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான், "அண்ணி படி ஏற மாட்டேன்னுதானுங்க சொன்னாங்க? ஊட்டுக்குள்ள வர மாட்டேன்னு சொல்லலையே? கடப்பாரை கொண்டாந்து மூணு படியையும் இடிச்சுட்டா?"

அந்த நாளில் முதன்முறையாக ராக்கியப்பனுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அத்தப்பன் கையமர்த்தினான். வடக்கே மேகம் கறுத்து வந்துகொண்டிருந்தது.

"அவசரப்படாதீங்க. மேல போனது மழையா வந்துதானே ஆகோணும்? வெறுமனே தரையில விழுந்தா அடிபடும். கூடையை எடுங்க."

சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினாள் பாவாயி. தங்கைக்குப் பெண் குழந்தை. பார்த்துவிட்டு, இரண்டு நாள் இருக்கச் சொன்னதையும் கேட்காமல் அவசரமாகத் திரும்பியிருந்தாள். பஸ் ஸ்டாப்பில் டாக்டரம்மாவே ஸ்கூட்டரோடு எதிர்ப்பட்டதால் இருவருமாக வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் மூன்று ஆண்கள் கூடைகளை மேலே தூக்கிப் பிடித்து, அண்ணாந்து நின்றிருந்தார்கள். தூக்கிய கைகள் வலி எடுத்து ஆடிக்கொண்டிருந்தன. கூடையின் ஓட்டை வழியாக ஒவ்வொருவனுக்கும் வானம் தெரிந்தது.

பாவாயி ஒருகணம் கண்ணை மூடித் திறந்தாள். "ஏனுங்க. குஞ்சு எங்கீங்க?"

ராக்கியப்பன் அண்ணாந்தபடியே சொன்னான். "வந்துட்டே இருக்குது பாவாயி. மேகம் வரைக்கும் வந்தாச்சு."

பாவாயி பையைக் கீழே போட்டாள். "எத்தனைங்க செத்துச்சு?"

"ஐயோ, ஒண்ணுகூடச் சாகலை. முப்பத்தொம்பது மேல போயிருக்குது. ஒண்ணு பையில இருக்குது" என்று அவன் சட்டைப் பையிலிருந்து குஞ்சை எடுத்து நீட்டினான். "படி வேண்டாம்னா சொல்லு பாவாயி, இடிச்சுப்புடறோம்."

குஞ்சு அவன் கையிலிருந்து கழுத்தை நீட்டிக் 'கீச்' என்று உரக்கக் கத்தியது. வாய்க்கால் பக்கமிருந்து பல குரல்கள் 'கீச் கீச்' என்று பதில் கொடுத்தன.

பாவாயி ஓடினாள். டாக்டரம்மாவும் மூவரும் பின்னாலேயே ஓடினார்கள். புங்கமர நிழலில், உதிர்ந்த பூ மெத்தை மேல், முப்பத்தொன்பது குஞ்சுகளும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரவிக் கிடந்தன. சில வாய்க்கால் கசிவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. சில ஈரமண்ணில் வயிற்றை அமுக்கிக்கொண்டு கண்சொருகிக் கிடந்தன. ஒன்றுகூட வாயைத் திறந்து மூச்சு வாங்கவில்லை.

டாக்டரம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "பாவாயி, இன்னிக்கு இந்த வட்டாரத்துல எத்தனையோ பண்ணையில குஞ்சு செத்துப்போச்சு. நீங்க என்னடான்னா ஒண்ணுகூடச் சாகவிடலை! தகரத்துக்குள்ளேயே வெச்சிருந்தா இந்நேரம் எல்லாம் போயிருக்கும். நிழல், ஈரம், காத்து. எல்லாம் கச்சிதம். யாருடைய யோசனை இது?"

குப்பண்ணன் ராக்கியப்பனைக் காட்டினான். ராக்கியப்பன் அத்தப்பனைக் காட்டினான். அத்தப்பன் டாக்டரம்மாவையே காட்டினான். "நீங்க சொன்னதுதானுங்க. காத்தோட்டம்."

பாவாயி குஞ்சுகளை ஒருமுறை எண்ணினாள். பிறகு இன்னொரு முறை எண்ணினாள். பையில் இருந்ததோடு சேர்த்து நாற்பது. புருஷனைப் பார்த்தாள். முகமெல்லாம் வெயிலில் கறுத்து, திறந்த சட்டைக்குள் நெஞ்சில் பல்பு சுட்ட சிவப்போடு, உதடு துடிக்க நின்றுகொண்டிருந்தான். என்ன நடந்தது என்று கேட்க வாயெடுத்தவள், கேட்டால் பதில் வந்துவிடுமே என்று விட்டுவிட்டாள். முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாள். ராக்கியப்பனுக்கு அந்த வெயில் நாள் பூராவும் அந்த ஒரு துடைப்பில் இறங்கிப்போயிற்று.

"ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்க" என்றார் டாக்டரம்மா, கிளம்பிக்கொண்டே. "இனி வெயில் தணிஞ்சிடும். பாவாயியும் வந்தாச்சு. நீங்க மூணு பேரும் சும்மா இருந்தாலே போதும்."

அவர் வாசலுக்குப் போய் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மூவரும் அந்த இடத்திலேயே வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் தூறல் விழுந்தது. பாவாயி பஞ்சாரக் கூடையைக் கொண்டுவந்து குஞ்சுகளைச் சேகரித்துக்கொண்டு, "ஏனுங்க, ஒரு கை புடிங்க!" என்று கூப்பிட்டாள்.

"முடியாது பாவாயி. டாக்டரம்மா சும்மா இருக்கச் சொல்லியிருக்கறாங்க" என்றான் ராக்கியப்பன்.

மழை வலுத்தது. மூவரும் அசையவில்லை. குடை எடுத்தால் அது ஒரு வேலை. எழுந்து உள்ளே போனால் அது இன்னொரு வேலை. தலையில் விழுந்த தண்ணீர் மூக்கு வழியாக ஒழுகியது. துடைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் குப்பண்ணன் கவலையோடு கேட்டான். "ஏனுங்ணா, மூச்சு விடறது வேலைங்களா?"

ராக்கியப்பன் வெகுநேரம் யோசித்தான். "விடறதுன்னா, புடிச்சிருக்கறதைக் கைவிடறதுதானே. அது வேலையில்லை. விடலாம்."

"இழுக்கறதுங்க?"

"இழுக்கறதா?" அத்தப்பன் முந்திக்கொண்டான். "தேர் இழுக்கறாங்க, வண்டி இழுக்கறாங்க. இழுக்கறது கண்டிப்பா வேலைதான்."

மூவருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆகவே மூவரும் மூச்சை விட்டார்கள். முழுதும் விட்டார்கள். விட்டுவிட்டு, கொட்டுகிற மழையில், கன்னம் ஒட்டிப்போய், கண் பிதுங்கி, முகம் கத்தரிக்காய் நிறமாகும்வரை சும்மா இருந்தார்கள்.

முதலில் தோற்றது குப்பண்ணன்தான். 'ஹ்ஹா' என்று அவன் ஒரு மூச்சை ஊரே கேட்க உள்ளே இழுத்தான். மற்ற இருவரும் அவனை அருவருப்போடு திரும்பிப் பார்த்தார்கள்.

ராக்கியப்பனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவனும் ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டான்:

"ஏண்டா, டாக்டரம்மா வண்டி இன்னும் ஊரெல்லை தாண்டலை, அதுக்குள்ள வேலையை ஆரம்பிச்சுட்டயா?"